மறுபடியும் சேர்ந்து கிளம்புங்கள்: அறிவொளியில் சைக்கிள் கற்ற புதுக்கோட்டைப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமாருக்கும் அத்தைமாருக்கும்,

1991, 1992 ஆண்டுகளில் அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவு வகுப்புக்குப் போய் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொண்டீர்களே, அந்த உங்களுக்குத்தான் இந்த மடல். அப்போது உங்களுக்கு இருபதோ முப்பதோ வயது இருந்திருக்கும். இப்போது ஐம்பத்தைந்து, அறுபது ஆகியிருக்கும். சிலர் எழுபதைத் தொட்டிருப்பீர்கள். ஆலங்குடி, அன்னவாசல், திருமயம், கந்தர்வகோட்டை, அறந்தாங்கி என்று எந்தப் பக்கத்து ஊரில் இருந்தாலும் இது உங்கள் பெயருக்கு எழுதியதுதான். கண்ணாடி போட்டும் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

புது வருஷம் பிறந்துவிட்டால் எல்லோர் வாயிலும் உடம்பைப் பற்றிய அறிவுரைதான். பேரன் கைப்பேசியில் ஒருவர் தினமும் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்கிறார். இன்னொருவர் அரிசியையே தொடக்கூடாது என்கிறார். காலையில் ஓட்ஸும் சியா விதையும் சாப்பிடச் சொல்கிறார் வேறொருவர். பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வரும் மகள், “அம்மா, இந்த வருஷமாவது ஒடம்ப பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டு, காணும் பொங்கல் முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறாள். இவற்றில் எதுவும் உங்கள் அடுப்படியையும் உங்கள் தெருவையும் பார்த்துச் சொன்னதில்லை. அதனால் எதுவும் ஒட்டுவதில்லை. நாலு நாள் பார்த்துவிட்டு, “நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது” என்று நீங்களே முடிவு கட்டிவிடுகிறீர்கள்.

அந்த முடிவை நான் ஏற்க மாட்டேன். ஒரு புதுப் பழக்கத்தை எப்படித் தொடங்குவது, கேலியையும் அசதியையும் தாண்டி அதை எப்படிப் பிடித்து நிற்பது என்று இந்த நாட்டுக்கே செய்து காட்டியவர்கள் நீங்கள். ஒன்றரை ஆண்டுக்குள் இந்த மாவட்டத்தின் கிராமங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள சிறுமிகளைக் கழித்துவிட்டால், கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருவருக்கும் மேல் அது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் வந்து பார்த்து எழுதினார். அந்தக் கட்டுரையை வடநாட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு இந்திப் பாடப் புத்தகத்தில் படித்தார்கள். நீங்கள் அறியாத ஊர்களில் உங்களைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மார்ச் மாதம் வந்தால் மேடைகளில் உங்கள் சைக்கிள் கதையைச் சொல்கிறார்கள். பழைய புகைப்படத்தைத் தேடி எடுத்துப் போடுகிறார்கள். அந்தப் படத்தில் இருக்கும் பெண்ணுக்கு இப்போது முட்டி மடங்குகிறதா, சுகர் எவ்வளவு, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. உங்களைச் சரித்திரமாக்கி ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். நீங்களும் உட்கார்ந்துவிட்டீர்கள்.

உங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்த மாத்திரை அட்டை. அதில் காலை மாத்திரை தீர்ந்திருக்கும், ராத்திரி மாத்திரை அப்படியே இருக்கும். சுவரில் ஆணியில் தொங்கும் மஞ்சள் பைக்குள் நாலைந்து வருஷத்து ஆஸ்பத்திரிச் சீட்டுகள். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டியிருக்கிறது. கால் பாதம் மரத்துப்போய், குத்திய முள் மறுநாள்தான் தெரிகிறது. கேட்டால், “வயசாச்சுல்ல, இதெல்லாம் வரத்தானே செய்யும்” என்கிறீர்கள்.

எல்லாமே வயதினால் வருவதில்லை அக்கா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று அது கணக்கிட்டது. பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்தக் கொதிப்பு. இத்தனை கோடிப் பேரும் கிழவர்களா? உங்கள் மகளும் மருமகளும் இந்தக் கணக்குக்குள் வந்துகொண்டிருக்கிறார்கள். உடம்பு அசைவது குறைந்தது, தட்டில் சோறு மட்டும் குவிந்து குழம்பில் காய் குறைந்தது, டீயில் சர்க்கரை கூடியது, தூக்கம் தள்ளிப்போனது என்று பல காரணங்கள் சேர்ந்துதான் இது வந்தது. இவற்றில் பாதி நம் கைக்கு எட்டுகிற காரணங்கள்.

“காலம் பூரா காட்டுல கழனியில ஒழைச்ச ஒடம்பு, இதுக்கு எதுக்கு வாக்கிங்” என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. நாற்று நட்டு, களை பறித்து, கடலை ஆய்ந்த உடம்புதான் அது. ஆனால் இப்போது நடவுக்கு எந்திரம் வந்துவிட்டது, அறுப்புக்கும் வந்துவிட்டது. வருஷத்தில் எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் திண்ணை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கிடைக்கிற வேலையும் குனிந்தே செய்கிற வேலை. அது இடுப்பைத் தேய்க்கும், நெஞ்சுக்கு வேண்டிய ஓட்டத்தைத் தராது. தண்ணீர் எடுக்கக் கண்மாய்க்கும் கிணற்றுக்கும் நடந்த நடை, குழாய் வந்ததும் நின்றது. குழாய் வந்தது நல்லது. அந்த நடைக்கு ஈடாக வேறொன்று வரவில்லை என்பதுதான் குறை.

இப்போது உங்கள் பழைய வெற்றியைப் பிரித்துப் பார்ப்போம். அதில் நமக்கு வேண்டிய வழி முழுவதும் இருக்கிறது.

முதலாவது, நீங்கள் யாரும் தனியாகத் தொடங்கவில்லை. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் இயக்கத்தின் வேலையாகவே சேர்த்தார். தொண்டர்கள் தெருவுக்கே வந்தார்கள். பெண் தொண்டர்கள் முதலில் கற்றுக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து நீங்கள் வந்தீர்கள். சைக்கிள் ஓட்டச் சொல்லும் பாட்டை ஊர் ஊராகப் பாடினார்கள். சாயங்காலம் மந்தையில் ஒருத்தி ஓட்ட, ஒருத்தி கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓட, பத்துப் பேர் சுற்றி நின்று தைரியம் சொன்னீர்கள். ஒருத்தி மட்டும் ஓட்டியிருந்தால் ஊர் அவளைப் பேசியே வீட்டுக்குள் தள்ளியிருக்கும். கூட்டமாகக் கிளம்பினதால் பேசிய வாய்கள் ஓய்ந்தன. அசிங்கமாகப் பேசியவர்களும் இருந்தார்கள் என்பது எழுதப்பட்டே இருக்கிறது. நீங்கள் இறங்கவில்லை.

இரண்டாவது, சரியான சைக்கிளுக்காக நீங்கள் காத்திருக்கவில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காத நேரத்தில் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தீர்கள். நடுவில் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கையில் இருந்ததை வைத்து, சேலை கட்டியபடியே, செருப்பு இல்லாமலும் தொடங்கினீர்கள்.

மூன்றாவது, அது அன்றாடத்துக்கு உதவியது. தண்ணீர்க் குடம் வந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட முடிந்தது. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக முடிந்தது. பஸ்ஸுக்காகவும் புருஷனுக்காகவும் காத்திருக்கும் நேரம் மிச்சமானது. கல் குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், செவிலியர்கள், கூலி வேலைக்குப் போனவர்கள் என்று யார் யாருக்கோ அதனால் பிழைப்பு இலகுவானது. உடம்புக்கு நல்லது என்று யாரும் சொல்லி நீங்கள் மிதிக்கவில்லை. வாழ்க்கைக்கு வேண்டியிருந்ததால் மிதித்தீர்கள், உடம்புக்கும் நல்லதாக அமைந்தது.

நான்காவது, விழுவதை யாரும் குற்றமாக எண்ணவில்லை. முழங்கை தேயாமல் சைக்கிள் கற்றவர் யாரும் உண்டா? விழுந்த அன்று மஞ்சள் பற்றுப் போட்டீர்கள், மறுநாள் மறுபடி ஏறினீர்கள். அந்த மனசு இந்த ஜனவரிக்கு ரொம்பத் தேவை. புது வருஷ வைராக்கியம் பலருக்கும் முறிவது எங்கே தெரியுமா? ஒரு நாள் தவறியதும், “அவ்வளவுதான், போச்சு” என்று மொத்தத்தையும் விட்டுவிடுகிற இடத்தில்.

ஐந்தாவது, உங்களுக்கு ஒரு நாள் குறித்திருந்தது. 1992 மகளிர் தினத்தில் புதுக்கோட்டை நகரத் தெருக்களில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் ஹாண்டில்பாரில் கொடி கட்டி மணியடித்துக்கொண்டு போனார்கள். ஒரு சமயம் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தங்கள் சைக்கிள் திறமையைப் பொதுவில் காட்ட வந்தார்கள். ஊர் பார்க்கப் போகிறது என்று தெரிந்ததால் பழகினீர்கள். ஊர் பார்த்த பிறகு விட மனசில்லாமல் தொடர்ந்தீர்கள்.

பிறகு ஏன் நின்றது? இதையும் நேராகப் பேசிவிடலாம். மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக 1992-ல் அறிவித்த பிறகு, வருஷங்கள் போகப் போக வகுப்புகள் குறைந்தன, தொண்டர்கள் வேறு வேலைக்குப் போனார்கள், சாயங்காலக் கூட்டம் கலைந்தது. மினி பஸ் வந்தது, டூவீலர் வந்தது, 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எல்லாம் நன்மைதான், ஒன்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கூடுவது நின்றபோது அதோடு சேர்ந்து மிதிப்பதும் நின்றது. உங்களுக்கு மனவுறுதி குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனவுறுதியைத் தாங்கி நின்ற ஏற்பாடு கலைந்துபோனது. அந்த ஏற்பாட்டைத்தான் திரும்பக் கட்டச் சொல்கிறேன்.

அறிவியலும் இதன் பக்கம்தான் நிற்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் கூட்டாளிகளும் 96 பேரைக் கவனித்தார்கள். ஒரு புதுச் செயல் யோசிக்காமலே தானாக நடக்கிற பழக்கமாக மாற எத்தனை நாள் ஆகிறது என்பது கேள்வி. சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்குப் பதினெட்டே நாள், சிலருக்கு எட்டு மாதத்துக்கு மேலும் ஆகும் என்று தெரிந்தது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரிக்குச் சீக்கிரம் பிடிபட்டு உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை. நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுப்போவதில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்த விஷயம். மஞ்சள் பற்றோடு மறுநாள் ஏறியவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று நம் சென்னையில் நடந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 531 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. வழக்கமான ஆலோசனை மட்டும் கேட்டவர்களில் மூன்று ஆண்டுக்குள் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் அது 39 பேராகக் குறைந்தது. பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. தினம் அரை மணி நடை, சர்க்கரையும் மாவும் எண்ணெயும் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான். உங்கள் மருமகள் அந்த விளிம்பில் நிற்கலாம் என்பதால் இந்தக் கணக்கை அவளும் கேட்க வேண்டும்.

இனி உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். மூன்றே காரியம். நாலாவது வேண்டாம்.

ஒன்று, நடை. வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு சூடாகும்படி அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஏழு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு இருபத்திரண்டு நிமிஷம்கூட வராது. போகப் பதினொரு நிமிஷம், வரப் பதினொரு நிமிஷம், பேசிக்கொண்டே நடந்தால் தெரியாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். மார்கழியில் நீங்கள் எப்படியும் விடியுமுன்னே எழுந்து வாசல் தெளித்துப் பெரிய கோலம் போடுகிறீர்கள். பக்கத்து வாசல்களிலும் பெண்கள் நிற்கிறார்கள். கோலப்பொடி டப்பாவை உள்ளே வைத்த கையோடு தெருக்கோடி வரை சேர்ந்து போய் வாருங்கள். ஆங்கில வருஷம் பிறப்பது மார்கழியின் பாதியில் என்பதால், தொடங்குவதற்கு இதைவிட வாகான காலம் கிடைக்காது. தை பிறந்து கோலம் சின்னதான பிறகும் அந்த நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். காலையில் முடியாதவர்கள் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டி வலிக்கிறவர்களுக்கு நடையைவிடச் சைக்கிள் சுலபமாக இருக்கலாம். உடம்புப் பாரத்தைச் சீட்டு தாங்கிக்கொள்ளும். பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள், அவள் கல்லூரிக்குப் போன பிறகு எத்தனை வீட்டுத் தாழ்வாரத்தில் காற்று இறங்கிக் கிடக்கிறது! டியூபை மாற்றி, சீட்டைக் கால் தரையில் ஊன்றுகிற உயரத்துக்கு இறக்கி, வண்டி வராத மந்தையிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ முதலில் ஓட்டிப் பாருங்கள். நிதானம் பிடிபட்டபின் ரோட்டுக்கு வரலாம். தலை சுற்றல் இருப்பவர்களும் பார்வை குறைந்தவர்களும் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதம் மரத்தவர்கள் செருப்பில்லாமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். சுகருக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் முந்தானையில் இரண்டு மிட்டாய் முடிந்துகொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சை அடைத்தால் உடனே நின்று, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

இரண்டு, தட்டு. சோற்றை விடச் சொல்ல மாட்டேன். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு கரண்டி கீரையோ பயறோ வையுங்கள். கொல்லையில் முருங்கை நிற்கிறது. தட்டைப்பயறும் கொள்ளும் நம் புன்செய்க் காட்டில் விளைகிறவைதான். டீயைக் கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன் சர்க்கரை. இரண்டை ஒன்றாக்கினால் மாதத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ சர்க்கரை உங்கள் உடம்புக்குள் போகாது. முதல் வாரம் வாயில் வைக்க முடியாது, பிறகு நாக்கு பழகிவிடும். ஜெகதாப்பட்டினம், மணமேல்குடிப் பக்கத்து அக்காமார் கருவாட்டை விட வேண்டாம். ஊறவைத்து நன்றாக அலசிப் போடுங்கள், அன்றைக்குக் குழம்பில் உப்பைக் குறையுங்கள். ஓர் ஆளுக்கு நாள் முழுவதுக்கும் ஒரு டீஸ்பூன் உப்பே அதிகம்.

தட்டைப் பற்றி இன்னொன்று. எல்லோரும் சாப்பிட்டு முடித்து, சீரியலும் முடிந்து, ராத்திரி பத்து மணிக்கு மீந்த சோற்றை மொத்தமாகப் போட்டுக்கொண்டு உடனே படுக்கிற பழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. அதை முதலில் மாற்றுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து, அதே நேரத்தில், குழம்பில் காய் இருக்கும்போதே சாப்பிடுங்கள். வீட்டு ஆண்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் சொல்கிறேன்: உங்களுக்குப் பரிமாறியவர் சாப்பிட்டாரா என்று பார்த்துவிட்டுக் கை கழுவுங்கள்.

மூன்று, மாத்திரை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. கொண்டுவருவது பெரும்பாலும் உங்களைப் போலவே மகளிர் குழுவிலிருந்து வந்த ஒரு பெண். அவர் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு வீட்டில் இருங்கள், பிரஷர் பார்க்கச் சொல்லி எண்ணை எழுதி வாங்குங்கள். எழுதவும் படிக்கவும் நீங்கள் கற்றது இதற்கும்தான். “இப்ப நல்லாத்தான் இருக்கு” என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதே மாத்திரையால் இருக்கலாம். நடையும் சாப்பாடும் சீரானால் அளவைக் குறைக்கலாமா என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னும் ஒரு தடவைகூடச் சோதித்துக்கொள்ளாத மருமகளையும் கூடவே உட்கார வையுங்கள்.

இந்த மூன்றையும் வீட்டுக்குள் தனியாகச் செய்ய முயன்றால் பொங்கல் வரைதான் தாங்கும். அதனால் என் வேண்டுகோளின் முக்கியப் பகுதி இது: வாரா வாரம் கூடுகிற உங்கள் மகளிர் குழுவுக்கு இதைக் கொண்டுபோங்கள். சேமிப்புக் கணக்கும் கடன் தவணையும் எழுதுகிற நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திறந்து, எல்லோர் பெயரையும் எழுதுங்கள். அந்த வாரம் எத்தனை நாள் நடந்தார் என்று பெயருக்கு நேரே ஓர் எண். வராதவரைத் திட்டக் கூடாது, அபராதமும் கூடாது. அவர் வீட்டு வாசலில் போய், “ஏன்க்கா வரல, ஒடம்புக்கு முடியலையா” என்று கேட்க வேண்டும். பத்து ரூபாய் பாக்கி வந்தாலே தேடிப் போகிற நீங்கள், ஓர் ஆள் ஒரு வாரம் நடக்க வரவில்லை என்றால் தேடிப் போக மாட்டீர்களா?

நடக்க வேண்டும் என்றால் நடக்கிற மாதிரி வழி வேண்டும். எத்தனை ஊர்களில் தெருவிளக்கு எரிவதில்லை, பாதையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் முட்டிக்கொண்டு நிற்கிறது, விடியற்காலையில் நாய் விரட்டுகிறது! இதெல்லாம் உங்கள் சோம்பலில் சேராது. கேட்டு வாங்க வேண்டிய உரிமை. 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அரசு தொடங்கியது. அது எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது உங்கள் ஊரிலேயே விளக்கெரிகிற, முள்ளில்லாத ஒரு கிலோமீட்டர். ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். ஒருத்தி எழுந்து கேட்டால் “பார்க்கலாம்” என்பார்கள். குழுவாகப் போய் நில்லுங்கள். எந்தக் கம்பத்தில் விளக்கு இல்லை, எந்த இடத்தில் முள் வெட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றுங்கள். கையெழுத்தை நீங்களே போடுங்கள்.

இப்போது நாளை எண்ணிப் பாருங்கள். ஜனவரி 1-ல் தொடங்கினால் அறுபத்தாறாவது நாள் மார்ச் 7. மறுநாள் மகளிர் தினம். இதைவிடப் பொருத்தமாக நாள் அமையாது. பத்து நாள் தள்ளித் தொடங்கினாலும் குற்றமில்லை. அந்த மார்ச் 8 காலையில், உங்கள் ஊரில் நடக்க முடிந்தவர்கள் நடந்தும், ஓட்ட முடிந்தவர்கள் சைக்கிளிலும், மகளையும் மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊர் வரை போய் வர வேண்டும். எந்த மேடையும் வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம். போகிற வழியில் அந்த ஊர்ப் பெண்களையும் அழையுங்கள். மறுநாள், மார்ச் 9 அன்று, வழக்கமான நேரத்தில் வழக்கமான தெருவில் மறுபடி நடங்கள். போன தடவை விழா முடிந்த பிறகுதான் மெல்ல மெல்லக் கூட்டம் கலைந்தது. இந்தத் தடவை கலைய விடாதீர்கள்.

“இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு” என்று யாராவது கேட்பார்கள். அன்று சைக்கிள் ஏறியபோதும், “இந்த ஊரில் இதெல்லாம் எதுக்கு” என்று கேட்டார்கள், நினைவிருக்கிறதா? அவர்களுக்கு நீங்கள் வாயால் பதில் சொல்லவில்லை. இன்னும் இருபது வருஷம் யார் தயவும் இல்லாமல் எழுந்து நடமாட வேண்டும், தன் மாத்திரையைத் தானே பார்த்துப் போட வேண்டும், நினைத்தபோது மகள் வீட்டுக்கு ஒரு பஸ் ஏறிப் போய் வர வேண்டும். இந்த ஆசைக்கு வயது தடையில்லை.

ஆகவே அக்கா, வருகிற குழுக் கூட்டத்தில் கணக்கு முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் முன் இந்தப் பேச்சை எடுங்கள். மூன்று பேர் சம்மதித்தால் போதும், மறுநாள் காலையே தொடங்கிவிடுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் முதல் பெயராக உங்கள் பெயரை எழுதுங்கள்.

அன்புடனும் உரிமையுடனும்,
உங்கள் மாவட்டத்துப் பெண் ஒருத்தி